மின்னலுக்கும் மேகலாவுக்கும் நான் முறை சொன்ன கதை

பொய் சொல்வது என்று முடிவெடுத்துவிட்டீர்களானால், சொந்தபந்தத்தைப் பற்றி மட்டும் தமிழில் பொய் சொல்லாதீர்கள். ஆங்கிலத்தில் 'கஸின்' என்று ஒரே ஒரு சொல்லைப் போட்டுவிட்டு நிம்மதியாகக் காபி குடிக்கப் போய்விடலாம். தமிழில் அந்தப் பாச்சா பலிக்காது. அப்பா வழியா, அம்மா வழியா, பெரியப்பா பிள்ளையா, மாமா பிள்ளையா, மூத்ததா, இளையதா, கட்டிக்கொள்ளும் முறையா, கட்டக்கூடாத முறையா என்று எதிரில் இருப்பவர் உட்காரவைத்து விசாரித்துவிட்டுத்தான் நம்மை எழவிடுவார். இந்த உண்மை எனக்கு இருபத்து நான்காவது வயதில், பொன்னாடை போர்த்திய தோளோடு, கையில் மைக்கோடு, காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் பாதிப்பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது தெரியவந்தது. கொஞ்சம் முன்னாடியே தெரிந்திருக்கலாம். எம்.ஏ. தமிழ் படித்தவள்தானே நான்!

இரண்டாயிரங்களின் ஆரம்பம் அது. வெளிநாட்டுக் கார்ட்டூன்களைத் தமிழ் பேசவைத்து ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒளிபரப்பத் தொடங்கியிருந்தார்கள். அதில் ஒன்றுக்கு வசனம் எழுதும் வேலை எனக்குக் கிடைத்தது. சென்னையிலிருந்து டப்பிங் கம்பெனிக்காரர்கள் பஸ்ஸில் ஒரு பார்சல் அனுப்புவார்கள். உள்ளே ஒரு வீடியோ கேசட், ஆங்கில வசனத்தின் ஜெராக்ஸ். நான் காஞ்சிபுரத்தில் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, கேசட்டைப் போட்டு நிறுத்தி, போட்டு நிறுத்தி, அந்தப் பொம்மைகளின் வாயைப் பார்த்து எழுத வேண்டும். உதடு ஒட்டும் இடத்தில் ப, ம மாதிரி எழுத்து வர வேண்டும். வாய் ஆவென்று பிளந்திருக்கும்போது 'உண்டு' என்று எழுதினால் ஆகாது. சரியாக வருகிறதா என்று கண்ணாடி முன் நின்று ஒவ்வொரு வசனத்தையும் வாயசைத்துப் பார்ப்பேன். எங்கள் அம்மா நூல் சுற்றும் ராட்டையை நிறுத்திவிட்டு என்னையே பார்ப்பாள். பக்கத்து வீட்டு ராணியக்காவிடம், "படிச்சிப் படிச்சி இப்பிடி ஆயிடுச்சி. கண்ணாடியில தன்னைப் பாத்துத் தானே பேசிக்கினு இருக்குது" என்று சொல்லி வருத்தப்பட்டதாகக் கேள்வி.

கதை இதுதான். பறக்கும் படகில் தீவு தீவாகப் போய்க் கடிதம் கொடுக்கும் இரண்டு பெண்கள். ஒருத்தி உயரம், குட்டை முடி, முன்கோபி. இன்னொருத்தி நீளப் பின்னல், நிதானம். அவர்களுக்கு மின்னல், மேகலா என்று பெயர் வைத்தது நான்தான். (அன்றைக்கு அதில் எனக்குத் தாங்கமுடியாத பெருமை.) மூன்றாவது கேசட் வரைக்கும் அவர்கள் சேர்ந்து வேலை பார்ப்பவர்கள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். நான்காவதில் மின்னலுக்குக் காய்ச்சல் வருகிறது. மேகலா ராத்திரி பகலாகப் பக்கத்தில் உட்கார்ந்து, நெற்றியில் கைவைத்து, ஒரு வரி சொல்கிறாள். ஜெராக்ஸைப் பார்த்தேன். சந்தேகத்துக்கு இடமே இல்லை. நாகரிகமாக, தெளிவாக, ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் தன் காதலைச் சொல்லியிருந்தாள்.

அந்த இடத்தைப் பதினான்கு தடவை பின்னால் ஓட்டிப் பார்த்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏனென்றால், அன்றுவரை சினிமாவிலும் சரி, கதையிலும் சரி, படித்த ஐம்பெரும் காப்பியத்திலும் சரி, என்னை மாதிரி ஒருத்தியை நான் பார்த்ததில்லை. கடைசியில் பார்த்தது ஒரு பொம்மைப் படத்தில். அதுவும் பச்சை முடியோடு.

எனக்கும் ஒரு மேகலா இருந்தாள். பெயர் ஸ்டெல்லா. ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுப்பவள். கல்லூரியில் தொடங்கி ஐந்து வருடப் பழக்கம். எங்கள் வீட்டில் அவள் 'செல்வியோட ஃப்ரெண்டு', அவள் வீட்டில் நான் 'ஸ்டெல்லாவோட ஃப்ரெண்டு'. அந்த ஒற்றைச் சொல்லைக் குடையாகப் பிடித்துக்கொண்டு ஐந்து மழைக்காலத்தை ஓட்டிவிட்டோம். உடனே, வீட்டுப் போனில் பேசினால் அம்மா காதில் விழும் என்று எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடி ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். "நம்மள மாதிரி ரெண்டு பேர் டிவியில வரப்போறாங்கடி" என்றேன். "நெசமாவா?" என்றாள். அவள் குரல் அப்படி நடுங்கி நான் கேட்டதில்லை.

மறுநாளே கம்பெனி மேனேஜர் போனில் வந்தார்.

"மேடம், நாலாவது எபிசோட் பார்த்தீங்களா? இது கொழந்தைங்க புரோகிராம். அந்த ரெண்டு பேரையும் கஸின் ஆக்கிடுங்க."

"சரி சார்."

அவ்வளவுதான். யோசிக்கிறேன் என்றுகூட நான் சொல்லவில்லை. ரோஷத்தோடு வாதாடினேன், வேலையைத் தூக்கி எறிந்தேன் என்றெல்லாம் எழுத எனக்கும் ஆசைதான். நடந்தது இது. 'சரி சார்' என்று மூச்சுவிடுவதற்குள் சொன்னேன். காரணம் பயம். இந்தப் பொம்மைகள் மாட்டிக்கொண்டால் எழுதின நானும் மாட்டிக்கொள்வேன் என்று எனக்குத் தோன்றியது. (ஊரில் எந்தக் கார்ட்டூனைப் பார்த்து யார் என் முகத்தை ஆராயப் போகிறார்கள்? ஆனாலும் பயத்துக்கு ஏது மூளை?) பயந்தாங்கொள்ளிகளுக்கும் ஒரு வைராக்கியம் உண்டு. ஒளிப்பது என்று ஆகிவிட்டது, இனி எவனுக்கும் எள்ளளவு சந்தேகமும் வராதபடி ஒளித்துக் காட்டுகிறேன் என்று மார்தட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

இங்கேதான் விதி உதட்டசைவு ரூபத்தில் வந்தது. இரண்டாவது கேசட்டிலேயே மேகலாவின் அப்பா வந்துவிட்டுப் போயிருந்தார். மின்னல் அவரை 'அங்கிள்' மாதிரி எதையோ சொல்லிக் கூப்பிடுகிறாள். அவள் உதடு ஒட்டித் திறக்கிறது, மறுபடி ஒட்டித் திறக்கிறது. 'பெரியப்பா' என்று வைத்தால் வாய் மூடின பிறகும் 'ப்பா' காற்றில் தொங்கும். 'சித்தப்பா'வுக்கும் அதே கதி. 'மாமா' என்று வைத்தேன். அச்சு வார்த்தமாதிரி பொருந்தியது. ஒலிப்பதிவும் ஆகிவிட்டது. இப்போது கஸின் ஆக்கச் சொன்னதும், கண்ணை மூடிக்கொண்டு எழுதினேன்: 'நான் உன் மாமா பொண்ணுடி! உன்னை விட்டுட்டு எப்படிப் போவேன்?'

தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்த எந்தக் குழந்தைக்கும் மாமா பெண் என்றால் என்னவென்று தெரியும். காதலர்களை ஒளிக்க நான் தேடிப்பிடித்த உறவு, கட்டிக்கொள்வதற்கென்றே இருக்கும் உறவு. எழுதினவளுக்கு அது உறைக்கவில்லை. உதடு பொருந்திவிட்டதே என்ற சந்தோஷம் எனக்கு.

இன்னொரு சாதனையையும் சொல்லிவிடுகிறேன். பதினோராவது கேசட்டில் அவர்களுக்குக் கல்யாணமே நடக்கிறது. படகின் மேல்தளத்தில் ஊர் கூடி நிற்க, ஒருத்தி மணிக்கட்டில் இன்னொருத்தி சிவப்புக் கயிறு கட்டுகிறாள். மேனேஜர் தலையில் கைவைத்துக்கொண்டார். "நான் பாத்துக்கறேன் சார்" என்றேன். கயிறு, கூட்டம், பூ. என்ன விசேஷத்தில் இதெல்லாம் வரும்? அம்மன் கோயில் திருவிழா! கல்யாணத்தைக் காப்புக் கட்டாக மாற்றினேன். மேனேஜர் போனிலேயே கைதட்டினார். நானும் நாலு நாள் தரையில் கால் பாவாமல்தான் நடந்தேன்.

இதைப் பெருமையாகச் சொன்னபோது ஸ்டெல்லா என்னை நிமிர்ந்து பார்த்தாள். ரங்கசாமி குளத்தங்கரையில் அவளுடைய ஸ்கூட்டியின் மேல் உட்கார்ந்திருந்தோம்.

"ரெண்டு பேரையும் சொந்தக்காரங்க ஆக்கிட்ட. கல்யாணத்தத் திருவிழா ஆக்கிட்ட. என்னை என்ன ஆக்கப் போற?"

"ஏய், அது வேலைடி."

"எனக்கு மஸ்கட்ல வேலை வந்திருக்குது. லேப் டெக்னீசியன். இந்த மாசக் கடைசிக்குள்ள பதில் சொல்லணும்."

ஸ்கூட்டியிலிருந்து இறங்கி நின்றேன். "போறியா?"

"நீ சொல்லு. ஒன்னும் பெருசா கேக்கல செல்வி. உங்க வீட்ல என்னை யாருன்னு சொல்லு. ஒரே ஒருத்தர்கிட்ட சொன்னாப் போதும். இல்லன்னா நான் போறேன். ஃப்ரெண்டாவே இருந்து இருந்து எனக்கு அலுத்துப்போச்சு."

சொல்கிறேன் என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. 'பார்க்கலாம்' என்றேன். கோழைகளின் தேசிய கீதம் அந்தச் சொல்.

இந்த நேரம் பார்த்து எங்கள் அப்பாவுக்கு ஓர் ஆசை வந்தது. அப்பா அரசுப் பள்ளியில் தமிழாசிரியர், எங்கள் தெருத் தமிழ் மன்றத்தின் செயலாளர். மகள் எழுதிய தமிழ் டிவியில் வருகிறது என்பதில் அவருக்குத் தலைகால் புரியவில்லை. மன்றத்தின் சார்பில் எனக்குப் பாராட்டு விழா என்று அறிவித்துவிட்டார். ஞாயிறு காலை கல்யாண மண்டபத்தில் பெரிய டிவி வைத்து, அன்றைய எபிசோடை எல்லோரும் பார்த்துவிட்டு, பிறகு பொன்னாடை, பிறகு பொங்கல் வடை. விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். அந்த ஞாயிறு வருவது பதினோராவது எபிசோட்.

"அடுத்த வாரம் வச்சிக்கலாம்பா" என்றேன்.

"அடுத்த வாரம் அமாவாசை வருமா? ஞாயிறும் அமாவாசையும் சேர்ந்து வருவதே அபூர்வம். தறி ஓடாது. மொத்தத் தெருவும் வரும்."

எங்கள் ஊரில் அமாவாசைக்கு நெசவுக்கு விடுமுறை. அப்பா சொன்னபடியே மொத்தத் தெருவும் வந்தது. தலைக்குக் குளித்துத் திருநீறு பூசி, வேலையில்லாத உற்சாகத்தோடு நெசவாளர் குடும்பங்கள் முன்வரிசையிலிருந்து நிரம்பின. கேபிள் பாபு டிவியோடு நிற்காமல், மண்டபத்து வாசலில் இரண்டு குழாய் ஸ்பீக்கரையும் கட்டியிருந்தான். உள்ளே இடம் கிடைக்காதவர்கள் தெருவில் நின்று கேட்கலாமாம்! கடைசி வரிசையில், கையில் ஹேண்ட்பேக்கோடு ஸ்டெல்லா. வருகிறேன் என்று அவள் சொல்லவே இல்லை.

அப்பா நிகழ்ச்சி நிரலை மாற்றி, பொன்னாடையை முதலிலேயே போர்த்திவிட்டார். "ஐயம் ஏதும் இருந்தால் படம் ஓடும்போதே கேட்கலாம். என் மகள் பதில் சொல்வாள்" என்று என் கையில் மைக்கையும் கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார். பள்ளிக்கூட வாத்தியார் புத்தி.

எபிசோட் ஓடியது. படகின் மேல்தளம். ஜனங்கள் பூத்தூவ, பின்னால் பந்தி நடக்க, மின்னலும் மேகலாவும் எதிரெதிரே நிற்கிறார்கள். 'தீவுல திருவிழா வருதில்ல? வா, காப்புக் கட்டிக்கலாம்!' என்கிறாள் மேகலா. கயிறு கட்டினார்கள். தாடிக்கார மாலுமி இருவர் தலையிலும் கைவைத்து ஆசீர்வாதம் செய்தார்.

ராணியக்காதான் ஆரம்பித்தாள்.

"ஏம்மா செல்வி, காப்புன்னா மஞ்சக் கயிறுதானே? இது செவப்பா இருக்குதே?"

"அது அந்த ஊர் வழக்கம்க்கா" என்றேன், மைக்கில், கம்பீரமாக.

இரண்டாவது வரிசையிலிருந்து ஏகாம்பரம் மேஸ்திரி எழுந்தார். நாற்பது தறிக்குப் பாவு போடும் மனிதர். ஒரு இழை அறுந்திருந்தாலும் தெருமுனையிலிருந்து கண்டுபிடித்துவிடுவார். எங்கள் பக்கத்து அம்மன் கோயிலில் வருடா வருடம் காப்புக் கட்டிக்கொள்பவரும் அவர்தான் என்பதை நான் மறந்தே போயிருந்தேன்.

"கலரு கெடக்குதும்மா. காப்புக் கட்டினவங்க திருவிழா முடியற வரைக்கும் ஊர் எல்லையத் தாண்டக்கூடாதே! இதுங்க ரெண்டும் இன்னாத்துக்குப் படகுல ஏறிப் போவுதுங்க?"

"எல்லைக்குள்ளதான் மாமா சுத்தறாங்க."

அந்த நொடியில் டிவியில் படகு மேகத்தைக் கிழித்துக்கொண்டு எழும்பியது. தீவு தட்டளவாகி, பொட்டளவாகி, காணாமல் போனது.

"இதுக்குப் பேரு எல்லைக்குள்ளயா?"

மண்டபம் சிரித்தது. எனக்கு வியர்த்து ஊற்றியது. பட்டுப்புடவை, அதன் மேல் பொன்னாடை, அதன் மேல் பொய். இங்கே நான் வாயை மூடியிருந்தால் எல்லாம் பொங்கலோடு முடிந்திருக்கும். ஆனால் விடுவேனா? எடுத்த பொய்யை முடிக்காமல் வைப்பது எங்கள் பரம்பரையிலேயே இல்லை.

"அவங்க வேற தீவுக்கு வேண்டிக்கிட்டு இருக்காங்க மாமா. அந்தத் தீவோட எல்லை பெருசு."

"வேற ஊர்க் கோயிலுக்கு இங்கே எப்படிம்மா காப்புக் கட்டுவாங்க?" என்றார் ஏகாம்பரம், உண்மையான அக்கறையோடு. பிறகு கூட்டத்தைத் திரும்பிப் பார்த்துத் தீர்ப்பு வழங்கினார். "இது கல்யாணம்பா. பூ போடறாங்க. பெரியவரு ஆசீர்வாதம் பண்றாரு. பந்தி நடக்குது. ரெண்டு பேரும் தனியா கெளம்பிப் போறாங்க. இன்னும் இன்னா வேணும், மேளமா?"

"ரெண்டும் பொண்ணுங்கப்பா!" என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

"நான் கண்ணால பாத்ததச் சொல்றேன். நடந்தது கல்யாணம்."

மண்டபம் சலசலத்தது. நான் என்னுடைய கடைசி ஆயுதத்தை எடுத்தேன்.

"கல்யாணம் இல்லீங்க! அவங்க சொந்தக்காரங்க! மேகலா மின்னலுக்கு மாமா பொண்ணு!"

சலசலப்பு அப்படியே அடங்கியது. அப்பாடா, ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். ஏகாம்பரத்தின் முகம் மலர்ந்தது.

"அட, இத மொதல்லயே சொல்லக்கூடாதா? மாமன் பொண்ணா? அப்ப முறை சரியாத்தானே இருக்குது!"

"யோவ், ரெண்டும் பொண்ணுய்யா!"

"அது வேற கேசு. முறையில கொறை இல்ல. நான் அத மட்டுந்தான் சொல்றேன்."

முன்வரிசையில் இரண்டு பெண்கள் தலையாட்டி ஆமோதித்தார்கள். எனக்கு மூளை கலங்கிவிட்டது. "இல்லீங்க, இல்லீங்க, அக்கா தங்கச்சி மாதிரி..." என்று மைக்கில் உளறினேன்.

அதை எங்கள் அப்பாவால் தாங்க முடியவில்லை. அவர் எழுந்தே விட்டார். "மாமன் மகள் எப்படியம்மா அக்கா தங்கையாவாள்? பெரியப்பன் மகள் ஆவாள், சித்தப்பன் மகள் ஆவாள், பெரியம்மா, சின்னம்மா மகள் ஆவாள். மாமன் மகளும் அத்தை மகளும் எந்தக் காலத்திலும் ஆகமாட்டார்கள். எம்.ஏ. படித்தவள் செய்கிற பிழையா இது?" அவர் முகத்தில் உண்மையான வேதனை தெரிந்தது. இரண்டு பெண்களுக்குக் கல்யாணம் என்பதைக்கூட அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. மகளுக்கு முறை தெரியவில்லை என்பதுதான் அவருக்கு நெஞ்சில் குத்தியது.

அப்போதுதான் ஸ்டெல்லா எழுந்ததைப் பார்த்தேன். அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் சமாளித்திருப்பேன். என்னைப் பார்த்து லேசாகத் தலையாட்டினாள், 'உன்னால முடியாதுன்னு தெரியும், பரவாயில்ல' என்கிற மாதிரி. ஹேண்ட்பேக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தாள். அந்த வாசலைத் தாண்டினால் அவள் மஸ்கட்டில்தான் போய் இறங்குவாள் என்று எனக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு என் வாய் என் கட்டுப்பாட்டில் இல்லை. எந்த உதட்டசைவையும் நான் எண்ணவில்லை.

"பொய்! எல்லாம் பொய்! அவங்க சொந்தக்காரங்களே இல்ல. நான் கட்டிவிட்டது. மேஸ்திரி மாமா சொன்னதுதான் நெசம். அது கல்யாணம். அவங்க ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் ஆசைப்பட்டுக் கட்டிக்கிட்டாங்க. பயத்துல நான் மறைச்சிட்டேன். இனிமே மறைக்க மாட்டேன்!" மூச்சு வாங்கியது. "ஸ்டெல்லா, போகாத! நீ போயிட்டா நான் செத்துடுவேன்டி!"

குழாய் ஸ்பீக்கர் தன் கடமையைச் செய்தது. மண்டபம், தெரு, அடுத்த தெரு, பிள்ளையார் கோயில் வாசல் என்று நான் சொன்னது முழுக்கப் போய்ச் சேர்ந்தது. பஞ்சர் கடையில் இருந்தவர்கூட எட்டிப் பார்த்தாராம். டிவியில் எபிசோட் முடிந்து சலவைத்தூள் விளம்பரம் ஓடியது. ஒரு குடும்பமே வெள்ளைச் சட்டையோடு ஓடி வந்தது.

நூற்றைம்பது தலைகள் ஸ்டெல்லா பக்கம் திரும்பின. அவள் வாசற்படியில் சிலையாக நின்றாள். பூமி பிளக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன். பிளக்கவில்லை. ராணியக்காதான் எழுந்து போய் ஸ்டெல்லாவின் கையைப் பிடித்தாள்.

"அந்தப் பொண்ணு அவ்ளோ சொல்லுதில்ல? எங்கம்மா போற? பொங்கல் வெந்து போச்சு. சாப்ட்டுட்டுப் போ." இழுத்துக்கொண்டு வந்து முதல் பந்தியில் உட்காரவைத்துவிட்டாள்.

ஏகாம்பரம் மேஸ்திரி இன்னும் யோசித்துக்கொண்டிருந்தார். "சொந்தமே இல்லன்னா முறைப் பிரச்சினையே கெடையாதே. இத மொதல்லயே சொல்லியிருந்தா நாமளும் சும்மா இருந்திருப்போம்" என்றார். மன்றத் தலைவர் மட்டும் "பண்பாடு" என்று ஏதோ தொடங்கினார். சாம்பார் வாளி வந்துவிட்டதால் அவரை யாரும் கவனிக்கவில்லை.

அன்றைக்கு எத்தனை பேருக்கு என்ன புரிந்தது என்று எனக்கு இன்றும் தெரியாது. எங்கள் அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. பொங்கல் பரிமாறிக்கொண்டு வந்தவள் ஸ்டெல்லாவின் இலைக்கு முன்னால் கரண்டியோடு வெகுநேரம் நின்றாள். ஸ்டெல்லா குனிந்த தலை நிமிரவில்லை. அம்மா பொங்கலை வைத்து, அதன் மேல் இன்னொரு கரண்டி வைத்து, "ரத்தம் எடுக்கறவ ஒடம்புல ரத்தமே இல்ல, சாப்பிடு" என்று சொல்லிவிட்டு அடுத்த இலைக்குப் போனாள்.

எல்லாம் சுபம் என்று நினைத்துவிடாதீர்கள். அடுத்த வாரம் வேலை போயிற்று. மன்றத் தலைவர் கம்பெனிக்கே கடிதம் எழுதிவிட்டார். "கஸின்னுதானே போடச் சொன்னேன், மாமா பொண்ணுன்னு யார் மேடம் போடச் சொன்னது?" என்று மேனேஜர் கிட்டத்தட்ட அழுதார். எனக்குப் பிறகு வந்தவர் மின்னலையும் மேகலாவையும் அக்கா தங்கை ஆக்கினார். (பாவம் அந்த மாமா, ஒரே வாரத்தில் இரண்டு பேருக்கும் அப்பா ஆகிவிட்டார்.) அப்பா ஒன்றரை வருடம் என்னோடு நேராகப் பேசவில்லை. "அவளைச் சாப்பிடச் சொல்" என்று சுவரைப் பார்த்துச் சொல்வார். அந்த ஒன்றரை வருடத்தில் நான் அழுததை இங்கே எழுதப்போவதில்லை. இதைச் சிரிக்கவைக்கத்தான் எழுதத் தொடங்கினேன். ஆனால் ஸ்டெல்லா மஸ்கட் போகவில்லை. அவள் கேட்டது ஒரே ஒருத்தரிடம் சொல்லச் சொல்லி. நான் இரண்டரைத் தெருவுக்குச் சொல்லிவிட்டேன்.

பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு மாடிப் போர்ஷனுக்குக் குடிபோனோம். பால் காய்ச்ச அம்மா மட்டும் வந்தாள். வீட்டுக்கார அம்மாள் கீழிருந்து ஏறி வந்து ஸ்டெல்லாவைக் காட்டி, "இது யாரு, உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொன்னாள்.

"என் அண்ணன் பொண்ணு."

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது, நான் அசையவில்லை. எங்கள் அம்மாவுக்கு அண்ணன் கிடையாது. தம்பியும் கிடையாது. உடன்பிறந்தவர்கள் மூன்று தங்கைகள்.

"அண்ணன் பொண்ணுன்றீங்க, ஸ்டெல்லான்னு பேரு?" வீட்டுக்கார அம்மாள் லேசில் விடவில்லை.

"அண்ணன் வேலூர்ல வேலைக்குப் போன எடத்துல சர்ச்சுக்குப் போயி வேதத்துல சேந்துட்டாரு" என்றாள் அம்மா, கண்ணை இமைக்காமல். பொய்யில் நானெல்லாம் அவள் கால் தூசி பெறமாட்டேன் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

அந்த அண்ணன் அன்றிலிருந்து வளர ஆரம்பித்தார். ரேஷன் கடையில் அவருக்குத் தேவராஜ் என்று பெயர் வந்தது. ஒரு நிச்சயதார்த்தத்தில் அவருக்குச் சர்க்கரை வியாதி வந்தது. என் சித்தி பேத்தியின் காதுகுத்தில் காலமானார். "நெஞ்சு வலின்னாரு, அவ்ளோதான்" என்று சொல்லும்போது அம்மாவுக்கு நிஜமாகவே கண் கலங்கியது. "எங்கப்பா இப்பதான் வாலாஜாபாத்லேருந்து போன் பண்ணாரு, நல்லாத்தான் இருந்தாரு" என்று ஸ்டெல்லா என் காதைக் கடித்தாள். சித்திகள் மூன்று பேருக்கும் விஷயம் தெரியும். இன்றைக்கும் வீட்டில் எந்தப் பொருள் காணாமல் போனாலும் "தேவராஜ் அண்ணன் எடுத்துக்கினு போயிருப்பாரு" என்று சொல்லிச் சிரிப்பார்கள். இப்போது வரும் கார்ட்டூன்களில் இரண்டு பெண்கள் காதலித்தால் காதலிக்கிறார்கள் என்றே சொல்லிவிடுகிறார்கள். என் தங்கை மகள் அதைப் பார்த்துக்கொண்டே தோசை சாப்பிடுகிறாள், பார்வையைக்கூட உயர்த்துவதில்லை. இவர்களுக்கு ஒரு தேவராஜ் தேவைப்படாமல் போகட்டும்.

அப்பாதான் இந்த விளையாட்டில் சேரவே இல்லை. பேச ஆரம்பித்தார், எங்கள் வீட்டுக்கு வந்தார், ஸ்டெல்லா கையால் மாதாமாதம் சர்க்கரைக்கு ரத்தம் கொடுத்தார். ஆனால் அம்மா தேவராஜ் புராணத்தை எடுத்தால் எழுந்து வெளியே போய்விடுவார். இல்லாத உறவைச் சொல்வது அவருக்குப் பிடிக்காது.

போன தை மாதம் தாமலில் ஒரு கல்யாணம். நாங்கள் நாலு பேரும் பந்திக்குக் காத்துக்கொண்டிருந்தோம். அப்பாவோடு ஒன்றாக வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு வாத்தியார் வந்து உட்கார்ந்தார். ஸ்டெல்லா யார் என்று கேட்டார். அம்மா வழக்கம்போல அண்ணன் பொண்ணு என்றாள். அந்த மனிதருக்கு எங்கள் அப்பா கல்யாணத்துக்கே வந்த ஞாபகம்.

"இன்னா சார் இது? உங்களுக்கு மச்சான் யாரும் கெடையாதே? நான் பாத்ததே இல்லியே?" என்று நேராக அப்பாவையே கேட்டார்.

அம்மா புடவைத் தலைப்பை விரலில் சுற்ற ஆரம்பித்தாள். ஸ்டெல்லா நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். நான் அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. முறையில் ஒரு பிழையைக்கூடப் பொறுக்காதவர் அவர்.

அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டார்.

"நல்லா யோசிச்சுப் பாருய்யா" என்றார். "என் கல்யாணத்துல மாப்பிள்ளைத் தோழனே தேவராஜ்தான்."